பழைய எண் 1, புதிய எண் 68

கண்ணாடி இழைக்குள் புகுந்த ஒளி, வழியில் எங்கும் மின்சாரத்தின் தயவில்லாமலே 20 கிலோமீட்டர் வரை வந்து சேரும். அந்த இழையின் கனமோ தலைமுடி அளவுதான். வேப்பமரக் கிளை, மின்கம்பம், யார் யாருடைய மொட்டைமாடியோ, காக்கைக் கூடு, எல்லாவற்றையும் கடந்து அது நங்கநல்லூருக்கு வந்து, எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குள் இறங்குகிறது. அதற்கப்புறம் அது போக வேண்டிய மிச்ச தூரம் இருபத்தைந்து அடி. நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டு. அங்கேதான் உட்கார்ந்துவிடுகிறது.

சுவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்பதுகளில் அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. உள்சுவருக்கு நாலரை அங்குலம் போதும் என்று கொத்தனார் சொன்னபோது, "நாளைக்கு மாடி எழுப்பணும்யா" என்று ஒன்பதில் பிடிவாதமாக நின்றவர். வெளியிலிருந்து கம்பி வருவதற்கென்று ஹால் ஜன்னலுக்கு மேலே அவர் போட வைத்த ஒரே ஓட்டை இன்றும் இருக்கிறது. முதலில் அதன் வழியாகத் தூர்தர்ஷன் ஆன்டெனா ஒயர் வந்தது. பிறகு, வருடக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய டெலிபோன் வந்தது. கேபிள் டிவி வந்தது, பிராட்பேண்ட் வந்தது, இப்போது ஃபைபர். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. எங்கள் வீட்டில் அது எந்த அறைக்குக் கிடைக்கும், எந்த அறைக்குக் கிடைக்காது என்பது அதற்கு வெகுகாலம் முன்பே சுத்தியலும் உளியுமாக முடிவாகிவிட்டது.

ஹாலில் உட்கார்ந்தால் சிக்னல் கொட்டும். ஆனால் ஹாலில் உட்காருவது நான் ஒருவன்தான்; நான் பேப்பர் படிப்பவன். மாடியறையில் மகள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் அவள் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிடும். பெங்களூரு மேனேஜர் அதை ஆழ்ந்த கவனம் என்று எடுத்துக்கொண்டுதான் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார் என்பது என் கருத்து. அவள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தினான். அங்கேதான் மூன்று கோடு வரும். பின்கட்டு அறையில் அம்மா. எழுபத்தெட்டு வயதில் டேப்லெட்டில் சீரியல் பார்க்கக் கற்றுக்கொண்டவள். வில்லி விஷத்தைப் பாலில் கலக்கும் நேரம் பார்த்து வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். "பாலைக் குடிச்சாளா இல்லையான்னு தெரியலைடா" என்று இரவு பதினோரு மணிக்கு என்னை எழுப்புவாள்.

குடும்பத் தலைவன் என்ற பதவிக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் கடமை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைப் பற்றிப் படித்தேன். படித்ததை அன்று ராத்திரியே சாப்பாட்டு மேசையில் விளக்கினேன்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெருவிலுள்ள அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் சாதத்தைச் சூடு பண்ணுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதில் பாதி நீளம்கூட இல்லை. நல்ல வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரும்பும் கண்ணாடியின் ரசமும் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் விழுங்கிவிடும்.

"ஆக, நம்ம வீட்டில் ரவுட்டருக்கு நேர் பின்னாடி என்ன இருக்கு? ஆளுயரக் கண்ணாடி பதிச்ச இரும்பு பீரோ. அதுக்குப் பின்னாடி? மெட்ரோ வாட்டர் பிடிச்சு வெச்ச நீல டிரம் ரெண்டு."

"அதுக்காக பீரோவையும் தண்ணியையும் தெருவில வைக்க முடியுமா? ரசம் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

அவள் கேட்டது நியாயம்தான். சென்னையில் இணையம் இல்லாமல் ஒரு நாள் ஓட்டலாம், டிரம் இல்லாமல் முடியாது. ரவுட்டரை நடு வீட்டுக்கு மாற்றலாமென்றால் அந்தக் கண்ணாடி இழையை இஷ்டப்படி மடக்கக் கூடாது. கொஞ்சம் அதிகமாக வளைத்தாலும் ஒளி வெளியே கசிந்துவிடும். ஏற்கெனவே ஒரு மலிவு ரிப்பீட்டர் வாங்கிச் செருகிப் பார்த்தாகிவிட்டது. அது பழைய வைஃபையின் பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிக்கொண்டு, பழைய வைஃபையின் பலவீனத்தை அப்படியே அடுத்த அறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எனவே மெஷ். வழவழவென்று வெள்ளை வெளேரென்று மூன்று பெட்டிகள். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வீட்டுக்குள் நடந்துகொண்டே போனால் போன் தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொள்ளும். இதற்கென்று 802.11எஸ் என்ற பொதுத் தர நிர்ணயத்தை 2011-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் பெரும்பாலும் தத்தம் சொந்த முறையில்தான் செய்கின்றன என்பதால் ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு பெரும்பாலும் பேசாது. நான் ஒரே கம்பெனியின் மூன்றையும் சேர்த்தே வாங்கினேன். விலையை மனைவியிடம் சொல்லும்போது மூன்றால் வகுத்துச் சொன்னேன்.

பொருத்துவது மிக எளிது. அதுதான் ஆபத்து. போனில் ஒரு செயலியை இறக்க வேண்டும். அது என் மின்னஞ்சல், என் இருப்பிடம், புளூடூத் அனுமதி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, 'முதன்மைப் பெட்டியை மோடத்தோடு இணைக்கவும்' என்றது. ஒரு கேபிளை எடுத்து, இந்தப் பெட்டியின் பின்புறத்தையும் டிவிக்குப் பின்னாலிருந்த பழைய பெட்டியின் பின்புறத்தையும் இணைத்தேன். விளக்கு நீலமாகத் துடித்தது, பச்சையானது. 'வாழ்த்துகள்! உங்கள் நெட்வொர்க் தயார்' என்று திரையில் வண்ணக் காகிதம் பறந்தது. முப்பது வருட வங்கி வேலையில் எந்த ஜெனரல் மேனேஜரும் எனக்கு வண்ணக் காகிதம் பறக்கவிட்டதில்லை. மகளை மாடியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வீடியோவில் அசைந்தாள், பேசினாள், சிரித்தாள். "எப்படி?" என்றேன். "நிஜமாவே நல்லாருக்குப்பா" என்றாள். இந்தக் கட்டுரை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அம்மா, டேப்லெட்டில் ஓடும் சீரியலைப் பெரிய டிவியில் போடச் சொன்னாள். வழக்கமாக ஒரு சின்னப் படத்தைத் தொட்டால் டிவிக்குப் போய்விடும். தொட்டேன். 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை.'

"எதிர்லதானே இருக்கு டிவி? கண்ணு தெரியலையா அதுக்கு?" என்றாள் அம்மா.

மகள் மாடியிலிருந்து, "பிரிண்டரைக் காணோம்ப்பா" என்று கத்தினாள். பிரிண்டர் இருந்த இடத்தில்தான் இருந்தது. மகன், ஆன்லைன் விளையாட்டில் நண்பர்களோடு சேர முடியவில்லை, 'நேட் டைப்: ஸ்ட்ரிக்ட்' என்று வருகிறது என்றான். கண்டிப்பு என்று ஒன்று இந்த வீட்டில் முதல்முறையாக வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனாலும் காரணம் தெரிய வேண்டாமா?

காரணம் இதுதான். இணைப்பு கொடுத்த நிறுவனம் வைத்துவிட்டுப் போன பெட்டியை நான் வெறும் மோடம் என்று நினைத்திருந்தேன். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் தயவில்தான் இந்தக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அது ஒளியை மின்சாரமாக மாற்றுவதோடு நிற்பதில்லை. அதுவே ஒரு முழு ரவுட்டர். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1 என்று தொடங்கும் ஒரு முகவரி கொடுக்கும். என் புது மெஷ்ஷும் ரவுட்டர்தான். தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் 192.168.68 என்று தொடங்கும் முகவரி கொடுக்கும். டிவியும் பிரிண்டரும் இன்னும் பழைய வைஃபையிலேயே இருந்தன. டேப்லெட்டும் லேப்டாப்பும் புதிதுக்கு வந்துவிட்டன. ஒரே ஹாலில் நாலடி இடைவெளியில் இருந்தாலும், 'இங்கே யாராவது டிவி இருக்கிறீர்களா?' என்று டேப்லெட் போடும் குரல் மெஷ்ஷின் எல்லையைத் தாண்டாது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். மாநகராட்சி புது எண் கொடுத்தது. பழையதை யாரும் அழிக்கவில்லை. பழைய எண் பன்னிரண்டைத் தேடி வரும் கூரியர்காரர் புதிய எண் பன்னிரண்டின் வாசலில் நின்று பெல் அடித்துக்கொண்டிருப்பார். இப்போது அதே நிலைமை என் வீட்டுக்குள்ளேயே. வெளியிலிருந்து வரும் ஒரு தகவல் பொட்டலம் முதலில் பழைய எண்ணில் நிற்க வேண்டும். அங்கே முகவரியை அடித்துத் திருத்தி உள்ளே அனுப்புவார்கள். மெஷ் இன்னொரு முறை அடித்துத் திருத்தி மாடிக்கு அனுப்பும். நாம் கேட்டு வரவழைத்த பொட்டலம் என்றால் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். சீரியலும் மீட்டிங்கும் ஓடுவது அதனால்தான். கேட்காமல் தானாகக் கதவைத் தட்டுகிறவன், அதாவது விளையாட்டு நண்பன், முதல் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவான். இதற்கு டபுள் நேட் என்று பெயராம்.

இந்த அடித்துத் திருத்தும் வேலையே ஒரு பஞ்சத்தில் பிறந்தது. 1981-ல் இணையத்துக்கு முகவரித் திட்டம் போட்டவர்கள் சுமார் 430 கோடி முகவரிகள் போதும் என்று விட்டுவிட்டார்கள். உளி பிடித்து ஓட்டை போட்ட என் அப்பாவின் தலைமுறைதானே அவர்களும்! போதாது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994-ல் நேட் என்ற யோசனையை எழுதி வைத்தார்கள். 1996-ல் 192.168, 10 என்று தொடங்குகிறவை உள்ளிட்ட சில வரிசைகளை, யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது என்று ஒதுக்கினார்கள். அதனால்தான் உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் ரவுட்டருக்கு 192.168.1.1 என்றே முகவரி. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கிடங்கிலிருந்த கடைசி மூட்டைகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அப்புறமும் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்ததால், இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் அளவிலேயே ஒரு முறை அடித்துத் திருத்த ஆரம்பித்தன. அதற்கென்று 100.64-ல் தொடங்கும் ஒரு வரிசையை 2012-ல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் பழைய பெட்டிக்குள் நுழைந்து அதன் வெளி முகவரியைப் பார்த்தேன். 100 என்று ஆரம்பித்தது. ஆக, எனக்கு எண் இரண்டு அல்ல, மூன்று. வாசல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே வேறு யாருடைய வீட்டுக்கோ உள்கதவுதான்.

"அப்போ மூணுல ஒண்ணைக் குறைச்சா என்ன?" என்றான் மகன். அவன் அக்கறை எனக்குப் புரிந்தது.

குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது. அதாவது, 'ஒளியை மாற்றிக் கொடுப்பதோடு உன் வேலை முடிந்தது. முகவரி, பாதுகாப்பு, நிர்வாகம் எல்லாம் இனி மெஷ் பார்த்துக்கொள்ளும்' என்று அதற்கு ஓய்வு கொடுப்பது. இன்னொன்று, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுவது. அதாவது, நிர்வாகம் பழைய பெட்டியிடமே இருக்கும். மெஷ் வெறுமனே அலையை வீடு முழுக்கப் பரப்பும். முதல் வழிக்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு வேண்டும். இரண்டாவது வழிக்குச் செயலியில் நாலு தட்டு தட்டினால் போதும்.

நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். கொடுத்த காசுக்கு என் மெஷ் இன்னொருவரின் கீழ் வேலை பார்ப்பதா? தவிர, ரவுட்டராக இருந்தால்தான் அதில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று ஒரு பகுதி வேலை செய்யும். அந்தப் பெயரை மொழிபெயர்த்தவர் யாரோ, குழந்தை இல்லாதவராக இருக்க வேண்டும். அதில் யாருக்கு எத்தனை மணி வரை இணையம் என்று நானே முடிவு செய்யலாம். மகனுக்கு இரவு பத்து மணி என்று நிர்ணயித்திருந்தேன். அவன் எதிர்க்கவே இல்லை. இந்தக் காலத்துப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான கருவி எண்ணைக் காட்டி நுழையும் என்பதும், அந்த எண்ணை மாற்றிக்கொண்டு புது ஆளாகத் திரும்ப வரலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டியலில் 'அறியப்படாத கருவி' என்று ஒன்று ஒன்பதரை மணிக்கு மேல் தினமும் தரவை உறிஞ்சுவதைக் கவனித்து ஒரு நாள் இரவு அதைத் துண்டித்தேன். வில்லன் பிடிபட்ட திருப்தியோடு படுத்தேன். பின்கட்டிலிருந்து குரல் வந்தது: "டேய், அவ குழந்தையைத் தூக்கிண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாளே, என்ன ஆச்சு?"

சரி, பிரிட்ஜ் மோடு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, மறுபடி ஒன்றை அழுத்திய பிறகு ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார்.

"சார், ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"நெட் வருதும்மா. பிரிட்ஜ் மோடு வேணும்."

"நெட் வருதுங்களா சார்? அப்ப கம்ப்ளெயிண்ட் குளோஸ் பண்ணிடட்டுங்களா சார்?"

புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வந்தது. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற செய்தி அதை முந்திக்கொண்டு வந்திருந்தது.

பெட்டிக்குள் நானே நுழைந்து மாற்றலாமென்றால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு வீட்டுக்காரருக்கானது. வைஃபை பெயரை மாற்றலாம், அவ்வளவுதான். பிரிட்ஜ் இருக்கும் பக்கத்துக்கு வேறு பாஸ்வேர்டு. அதை அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னாலும் பிரிட்ஜில் போட்ட பின் மெஷ்ஷே இணைப்பைக் கூப்பிட வேண்டும். அதற்கு இணைப்புக் கணக்கின் பெயரும் ரகசியச் சொல்லும் வேண்டும். சில இடங்களில் விலேன் எண் என்று ஒன்றும் வேண்டும். கணக்கின் பெயர் பில்லில் இருந்தது. ரகசியச் சொல், இணைப்பு கொடுத்த அன்று வந்த குறுஞ்செய்தியில் இருந்ததாம். அந்தப் போனைப் போன பொங்கலுக்குப் பழைய பாத்திரத்தோடு போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினோம்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே பொத்தான். அதைக் குண்டூசியால் பத்து விநாடி அழுத்தினால் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், பாஸ்வேர்டும்தான் என்று எங்கேயோ எழுதியிருந்தது. எழுதியவர், அந்த 'எல்லா அமைப்புகளும்' என்பதில் இணைப்புக் கணக்கின் பெயரும் ரகசியச் சொல்லும்கூட அடங்கும் என்பதை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். அன்று மத்தியானம் ஊசி அந்தத் துளைக்குள் போனது. யார் கையிலிருந்து போனது என்பது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. நான் சிறுபான்மை.

ஒளி வருவதற்கான விளக்கு பச்சையாகவே இருந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த இணைய விளக்கு அணைந்தது அணைந்ததுதான். ஒளி 20 கிலோமீட்டர் வந்துவிட்டது. உள்ளே விட ஆள் இல்லை. மாடியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். அவள் முகம் ஹாலில், என் கண்ணெதிரே, வீடியோவில் உறைந்த மாதிரியே இருந்தது. "அஞ்சு நிமிஷத்துல கிளையண்ட் கால்ப்பா" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் லேப்டாப்போடு ஆட்டோ பிடித்துத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் அதிசயமாகப் புத்தகம் படித்தான். அம்மா என் மனைவியிடம், "இவன் சின்ன வயசுலயே ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு மூடத் தெரியாம முழிச்சவன்" என்று, நாற்பது வருடமாகக் கட்டிக்காத்த ஒரு குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைத்தாள்.

இப்போது நெட் உண்மையிலேயே இல்லை என்பதால் புகார் செல்லுபடியாயிற்று. ஆள் அனுப்பினார்கள். தோளில் பை, கையில் ஒளியளக்கும் கருவி, வயது மகளை விடக் குறைவு. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பழைய பெட்டி, மெஷ், செத்துப்போன ரிப்பீட்டர், நான் வாங்கி வைத்திருந்த இன்னும் இரண்டு கேபிள், மேலே கிடந்த குண்டூசி எல்லாவற்றையும் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ரீசெட் அடிச்சீங்களா சார்?"

"அதுவா ஆயிடுச்சுப்பா."

"எல்லா வீட்லயும் அப்படித்தான் சார் ஆவுது" என்றான் ஆறுதலாக.

கணக்கை மறுபடி ஏற்ற அவனுக்குத் தேநீர் ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. பிரிட்ஜ் போடச் சொல்லிக் கேட்டேன். "போட்டுத் தரேன் சார். ஆனா இந்தப் பெட்டிலதான் உங்க லேண்ட்லைன் போனும் வருது. அது நின்னாலும் நிக்கும். அப்புறம் எப்ப நெட் போனாலும், ஆபீஸ்ல, உங்க மெஷ்ல கோளாறுன்னு சொல்லி குளோஸ் பண்ணிடுவாங்க. அதுவுமில்லாம மேலயே ஒரு நேட் இருக்கே, பிரிட்ஜ் போட்டாலும் அது போவாதே" என்றான். "பேசாம மெஷ்ஷை ஏபி மோடுல, ஆக்சஸ் பாயிண்ட்டா விட்டுருங்க சார்." என் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டினான். மூன்று பெட்டியும் ஒருமுறை கண்மூடித் திறந்தன. பழைய பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்தான். மெஷ்ஷுக்கு அதே பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் கொடுத்தான். டிவி, பிரிண்டர், வாஷிங் மெஷின், அம்மாவின் டேப்லெட் எல்லாம் எதுவுமே நடக்காத மாதிரி தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டை மாற்றி அடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தேன். அது வீணாயிற்று.

ஏபி மோடில் என் குடும்பக் கட்டுப்பாட்டுப் பகுதி சாம்பல் நிறமாகி, தொட்டால் அசையாமல் கிடந்தது. "இது வேலை செய்யாதா?" என்றேன். "இனிமே அதெல்லாம் கிடையாது சார்" என்றான் அந்தப் பையன். என் மகன் அவனுக்கு இன்னொரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தான்.

போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். சிக்னல் எங்கே வரவில்லையோ அங்கே பெட்டியை வைக்கக் கூடாதாம். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்: மகள் அறையின் கடைக்கோடியில் ஒன்று, பின்கட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒன்று. சிக்னல் வராத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அது எதைப் பரப்பும்? பாதி வழியில், தனக்கே நன்றாக வரும் இடத்தில் இருக்க வேண்டும். அதுவும் இரண்டே அலைவரிசை உள்ள பெட்டிகள் வாங்குவதையும் கொடுப்பதையும் பெரும்பாலும் ஒரே அலையில் செய்வதால் ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மூன்றாவதை இரண்டாவதிடமிருந்து வாங்க வைத்தால் பாதியில் பாதி. முடிந்தால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள் என்றான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் 9 அங்குலச் சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் சார் கட்டினது? நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு ஒரு தொகை சொன்னார். அதில் இன்னொரு மெஷ்ஷே வாங்கலாம். கேபிள் யோசனை நிலுவையில் இருக்கிறது.

பாதி வழி எது என்று அளந்து பார்த்தால், அது மாடிப்படித் திருப்பம். மகன் தலையணை போட்டிருந்த அதே இடம். அவன் இத்தனை நாளும் எந்தக் கருவியும் இல்லாமல் சரியாகக் கண்டுபிடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். அங்கே சுவரில் அப்பா வைத்த விளக்கு மாடம் ஒன்று உண்டு. பெட்டி அதில் கச்சிதமாகப் பொருந்தியது. "அது விளக்கு வைக்கிற இடம்டா" என்றாள் அம்மா. பேச்சுவார்த்தை நடந்தது. கார்த்திகைத் தீபத்தன்று மட்டும் பெட்டியை எடுத்துவிட்டு அகல் ஏற்றுவது, அன்று சாயங்காலம் மாடிக்கு இணைய விடுமுறை என்று உடன்பாடாயிற்று. ஆயுத பூஜைக்கு மூன்று பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூ சாத்தினோம். அழகாக இருக்கிறதே என்று மனைவி ஹால் பெட்டிக்குப் பூப்போட்ட துணி ஒன்றும் போர்த்திவிட்டாள். உள்ளே வெக்கை தாங்காமல் அது சாயங்காலம் மயங்கியது. துணியை எடுத்ததும் தெளிந்தது.

மின்வெட்டு வந்தால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஹால் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மாடிப்படி பிளக் இல்லை. கரண்ட் போனால் ரவுட்டர் இருக்கும், நெட் இருக்கும், மாடிக்குப் போகும் வழி மட்டும் இருக்காது. அதற்கொரு சின்ன பேட்டரிப் பெட்டி வாங்கினேன். இதன் விலையை எதாலும் வகுக்க முடியவில்லை, ஒன்றுதானே.

எல்லாம் சரியாகி, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கோடு முழுக்க நிறைந்து நின்ற அந்த வாரம், மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். மூன்று பெட்டிகளும் தங்கள் கடமையிலிருந்து தவறவில்லை. 'இணைய இணைப்பு இல்லை' என்ற செய்தி பூஜையறை, பின்கட்டு, மொட்டைமாடி என்று முன்பு எதுவுமே எட்டாத இடத்துக்கெல்லாம் முழு பலத்துடன் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் தெருவுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும், கேபிளைக் கையால் தொட்டவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. போன சனிக்கிழமை எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவரும் மெஷ் வாங்கியிருக்கிறாராம். பழைய பெட்டியோடு எப்படி இணைப்பது என்று தெரியவில்லையாம். "சார் ஒரு எட்டு வந்து பார்த்தீங்கன்னா..." என்றார்.

"டபுள் நேட்டாத்தான் இருக்கும். வரேன், நீங்க போங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே மனைவி எதிர்வீட்டம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

"ஆமாங்க, கிளம்பிட்டார். ஒண்ணுமில்லை, வீட்டில குண்டூசி, ஊக்கு எது இருந்தாலும் எடுத்து உள்ள வெச்சுடுங்க."